பதினேழு புள்ளி எட்டு

ஈரப்பதமானியின் சின்னக் கண்ணாடியில்
பதினேழு புள்ளி எட்டு என்று வந்தது.
பதினேழு வரைதான் எடுக்கலாம்.
வைரக்கண்ணு என் முகத்தைப் பார்க்கவில்லை,
என் பேனாவைப் பார்த்தார்.

கொள்முதல் நிலைய வாசலில்
நாலு நாளாகக் குவியலோடு படுத்திருக்கிறார்.
தார்ப்பாய் மடிப்பில் தேங்கிய மழைத் தண்ணீரில்
ஒரு தவளை குடியேறிவிட்டது.
இன்னும் ரெண்டு நாள் போனால்
குறுவை நெல் முளை கட்டிவிடும்.

"பதினேழுன்னு எழுதும்மா.
புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதை
யாரு பாக்கப் போறா?"
சிப்பம் தைக்கும் பக்கிரிசாமி சொன்னார்.
அவர் இதைக் காசுக்காகச் சொல்லவில்லை.
அதுதான் சிக்கல்.
காசோடு வருகிறவர்களிடம் மாட்டேன் என்பது
முதல் வருஷமே பழகிவிட்டது.
இரக்கம் ஒரு பொய்யைக் கைப்பிடித்துக்
கூட்டிக்கொண்டு வந்து நின்றால்
என்ன சொல்லி அனுப்புவது?

காலையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே
வழக்கமாக ஒரு ஜெபம் செய்வேன்:
ஆண்டவரே, இன்றைக்கு வேண்டிய புத்தியைத் தாரும்.
பெரிய புத்தி வேண்டாம்,
ரசீதுப் புத்தகத்தில் கொள்கிற அளவு போதும்.
நடுவில் குக்கர் விசிலடிக்கும்.
ஆமென் சொன்னேனா இல்லையா என்று
பேருந்தில் யோசித்துக்கொண்டே வருவேன்.

பேனாவை மூடினேன்.
மேற்கே கறுப்பு.
தலைக்கு மேலே நல்ல வெயில்.
பாமணியாற்றுப் பாலம் வரைக்கும்
தார்ச்சாலை காய்ந்து கிடந்தது.
ஞானம் என்றால் இடியும் மின்னலுமாக வரும் என்று
நான் காத்திருந்த காலம் உண்டு.
அன்றைக்கு அது
'ஒரு மணி நேர வெயில் இருக்கு' என்று
ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"ரோட்டுல விரிங்க" என்றேன்.
"உங்க முறை போகாது.
என் சாப்பாட்டு நேரம், நானும் வர்றேன்."

வைரக்கண்ணு என்னைத் திட்டினார்.
அதில் ஒன்றிரண்டு
சபையில் சொல்லக்கூடாதவை.
திட்டிக்கொண்டே விரித்தார்.

செருப்பைக் கழற்றினேன்.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நெல்லுக்குள் இறங்கினேன்.
எனக்குக் கால் கிளறத் தெரியும் என்று
அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை.
குதிகாலைத் தேய்த்து, விரலால் தள்ளி,
சால் சாலாக நடக்க வேண்டும்.
மேல் நெல் சுடும், அடி நெல் குளிரும்.
போவதும் வருவதுமாக நடக்கையில்
உள்ளங்காலிலிருந்து ஒன்று ஏறி வந்தது.
கூச்சம் என்று நினைத்தேன்.
சிரித்துவிட்டேன்.
பக்கிரிசாமியும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார்.
மன்னார்குடி பேருந்து ஓரம் ஒதுங்கி ஊர்ந்தது,
கண்டக்டர் என்னவோ கேலி பேசிவிட்டுப் போனார்.
வைரக்கண்ணு வாயிலிருந்து
நாலு நாளில் முதல்முறையாக
வசவு அல்லாத ஒன்று வந்தது:
"பில்லு போடுற அம்மா, உங்க சாலு கோணல்."

மேகம் வந்தது.
கூட்டினோம், அள்ளினோம், ஓடினோம்.
கடைசிக் கூடையின் மேல் முதல் துளி.
மறுபடி நெல்லைப் போட்டுப் பிடியை முறுக்கினேன்.
பதினாறு புள்ளி ஒன்பது.

எல்லா நாளும் இப்படி முடியாது.
மறுநாள் வெயிலே இல்லை.
மூன்று பேரைத் திருப்பினேன், ஒருவர் அழுதார்.
ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.
இதையும் எழுதாவிட்டால்
இந்தக் கணக்கும் பொய்க் கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்
போதகர் சந்தோஷத்தைப் பற்றிப் பேசினார்.
நல்ல பிரசங்கம், கொஞ்சம் நீளம்.
கழுத்தோரம் எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது.
தடவிப் பார்த்தால் ரவிக்கை மடிப்பில்
துவைத்தும் விடாத
வியாழக்கிழமை நெற்சுணை.
சால் கோணல், சால் கோணல் என்று
உள்ளே ஒரு குரல்.
சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்தேன்.
பக்கத்திலிருந்த ரூபவதி அக்கா
நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து
சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.
அவள் நினைத்தது தப்பு என்று சொல்லமாட்டேன்.